பதினொன்று ஏழு

ஏஜாக்ஸில் மைனஸ் பதினெட்டு.
என் வானின் பின்கதவு உறைந்து
உதைத்துத்தான் திறந்தது.
கடை வாசலில் இரண்டு வாழைமரம், பிளாஸ்டிக்.

"ஒன்பதேகாலுக்கும் பத்தேகாலுக்கும் இடையில், தங்கச்சி,
பால் பொங்கவேணும். பத்தரைக்கு ராகு."
குகதாசன் அண்ணை சொன்னார்.
பித்தளைச் சட்டியில் பால் ஆயத்தமாய் இருந்தது.
பாலுக்கு மட்டும் அவசரமில்லை.

நான் அடுப்பின் முகத்தைப் பார்க்கவில்லை.
முதுகைப் பார்த்தேன்.
பெயர்த்தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால்
கீழே புரொப்பேன் என்று இருந்தது.
ஏலத்தில் எடுத்த கொத்துரொட்டித் தட்டாம்,
யாரோ ஒருவரின் உணவு வண்டியில்
மூன்று கோடை ஓடியதாம்.
இந்தச் சுவருக்குள் வருவதோ குழாய்வழி இயற்கை வாயு.
ஒன்றின் துளை மற்றதற்கு ஆகாது.
அடுத்தவர் செருப்பு மாதிரி,
கொஞ்சத் தூரம் நடக்கலாம்.

எட்டு முனைகளையும் கழற்றினேன்.
சீராக்கியையும் மாற்றினேன்.
ஒன்பது ஐம்பது.

சுவர் வால்வுக்குச் சந்தனம், குங்குமம்,
பிடியில் மூன்று சுற்று மஞ்சள் நூல்.
"இது ஒரு நொடியில திரும்பவேணும், அண்ணை."
வெட்டினேன்.
தர்மினி அக்கா வாய்க்குள் ஏதோ சொன்னா.
எறிய மனம் வராமல்
என் கருவிப்பெட்டியின் பிடியில்
சுற்றிவைத்தேன் அந்த நூலை.

பெரிய சண்டை சாம்பிராணிக்கு.
வாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது.
கசிந்தால் தெரியட்டும் என்று
அழுகல் முட்டை நாற்றத்தை
எந்தப் புண்ணியவானோ சேர்த்து அனுப்புகிறான்.
அதை மறைக்கும் நறுமணம் எதுவும்
இப்போதைக்கு எனக்கு எதிரி.
விளக்கும் வேண்டாம்.
பிள்ளையார் கொஞ்சநேரம் இருட்டில் இருக்கட்டும்,
மூக்கு நீளம்தானே, உதவட்டும் என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

சோப்புத் தண்ணீர். தூரிகை.
மூட்டு மூட்டாய்ப் பூசிக்கொண்டு போனேன்.
ஆறு வரை அமைதி.
ஏழாவதில்
கடுகளவாய் ஒரு குமிழி
மெல்லப் பெருத்து
எல்லோர் முகத்தையும் வளைத்துக் காட்டி
உடைந்தது.
அதே இடத்தில் இன்னொன்று.

"இவ்வளவு சின்னன்தானே?"

சின்னன்தான்.
கடை பூட்டிய பிறகு
எட்டு மணிநேரம் அதற்குத் தனிமை இருக்கிறது.

வால்வை மூடிச் சிவப்பு அட்டை கட்டினேன்.
உரிமம் என் பேரில்.
ராகு யார் பேரிலும் இல்லை.

மூட்டைப் பிரித்து, மரை துடைத்து, பசை தடவி,
முறுக்கி,
அழுத்தமானியில் நீர்க்கோடு
அசைகிறதா என்று பார்த்திருந்தேன்.
பத்தேகால் போனது.
பத்தரை வந்தது.
குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டு இருந்தது.
அண்ணை மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு
என் பக்கத்தில் குந்தி
அந்தக் கோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.
அது அசையவில்லை.

அட்டையை அவிழ்த்தேன்.
புகைவிசிறியை வேண்டுமென்றே நிறுத்தினேன்.
உடனே வாயு தானாய் மூடிக்கொண்டது. நல்ல பிள்ளை.
அடுப்பைச் சுவரோடு பிணைக்கும் கம்பியை மாட்டினேன்,
துடைக்க இழுப்பவர்கள் குழாயையும் இழுக்காதபடி.
பைலட் குமிழை அழுத்திப் பிடித்து
முப்பது எண்ணினேன்.
அக்காவின் உதடுகளும் எண்ணின.
விட்டேன்.
நின்றது.

பிறகு நீலம்,
மஞ்சள் நுனி இல்லாமல்,
வரிசையாக.

பதினொன்று ஏழுக்குப் பால் பொங்கியது.
நட்ட நடு ராகுவில்.
குலவையிட ஆள் இல்லை, கை தட்டினார்கள்.
வழிந்த பால் பர்னரில் இறங்கி, பைலட்டில் இறங்கி,
சீறி, இரண்டையும் அணைத்தது.
அது அவர்களுக்குத் தெரியாது.

பர்னரைத் திருகி மூடிவிட்டு
தட்டருகே காதை வைத்தேன்.
பத்து. பதினைந்து. இருபத்திரண்டு.
உள்ளே எங்கோ
டிக்.

பைலட் வாயுவை
அடுப்பே பூட்டிக்கொண்ட சத்தம்.

கை தட்ட நினைத்தேன்.
துணி கேட்டு வாங்கி, பாலைத் துடைத்து,
நன்றாகக் காற்றாடவிட்டு,
குமிழை அழுத்தி
ஒன்றிலிருந்து எண்ணினேன்.